தீவின் வடமுனையில் ஒரு திருநெல்வேலி

சயான் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, போக்குவரத்து இரைச்சலுக்கு நடுவில் சின்னதாக ஒரு குன்று இருக்கிறது. அடிவாரத்தில் நேரு பெயரில் பூங்கா. படியேறிப் போனால் கூரை விழுந்த அறைகள், ஆலம்வேர் பிளந்த சுவர்கள், அவற்றின் மேல் காதலர்கள் கீறிவைத்த பெயர்கள். சயான் கோட்டையில் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக ஜெரால்டு ஆஞ்சியர் இருந்தபோது, 1669க்கும் 1677க்கும் இடையில் எழுந்தது இது. மேலே நின்று வடக்கே பார்த்தால் இன்றைக்குத் தெரிவது குர்லாப் பக்கத்துக் கட்டடங்கள். அன்றைக்கு இங்கே நின்ற சிப்பாய் பார்த்தது ஓர் உப்பங்கழியையும், அதற்கு அப்பால் வேறொரு ராஜ்ஜியத்தையும்.

பம்பாய் தீவுகளும் அவற்றுக்கு வடக்கேயுள்ள சால்செட் தீவும் 1534இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷாவிடமிருந்து போர்ச்சுக்கீசியர் கைக்குப் போயின. 1661இல் போர்ச்சுக்கல் இளவரசி கேத்தரினுக்கும் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கும் திருமண ஒப்பந்தம் ஆனபோது பம்பாய் சீதனமாகப் போனது. மன்னர் அதை 1668இல் வருடத்துக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கம்பெனியிடம் விட்டுவிட்டார். சால்செட் மட்டும் போர்ச்சுக்கீசியரிடமே இருந்தது. ஆக, இன்றைய சயான், தாராவி, மாகிம் மூன்றும் ஆங்கிலேய பம்பாயின் வட எல்லை. நகரம் தெற்கே கோட்டைச் சுவருக்குள் இருந்தது. இங்கே இருந்தவை உப்பளம், நெல்வயல், சேறு, காவல் கொத்தளம்.

மும்பைத் தமிழர் வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் வி.டி. ஸ்டேஷனில்தான் தொடங்குகிறார்கள். தகரப் பெட்டியோடு ரயிலிலிருந்து இறங்கும் ஒருவர், போர்ட்டர் வேலை, அப்புறம் கள்ளச்சாராயம், அடிதடி. சினிமா அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி நம் மனதில் பதிய வைத்துவிட்டது. அதற்குக் கீழே புதைந்துபோனது பல லட்சம் பேர் உழைத்து எழுப்பிய ஊரின் கதை. அதைச் சொல்ல இந்தக் குன்றுதான் பொருத்தமான இடம். ஓர் அரசாங்கம் தன் எல்லையோரத்து நிலத்தை எப்படிப் பார்த்தது, ஊருக்குள் வேண்டாம் என்றதையெல்லாம் அங்கே எப்படித் தள்ளியது, அதோடு சேர்த்து யார் யாரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது இங்கிருந்து பார்த்தால் விளங்கும்.

தாராவியிலும் ஒரு கோட்டை உண்டு. பஸ் டெப்போவுக்கே காலா கில்லா என்று அதன் பெயர்தான். கறுங்கல்லில் கட்டிய உயரம் குறைந்த கொத்தளம். சுற்றிலும் பட்டறைகளும் குடித்தனங்களும் நெருக்கிக்கொண்டிருக்க, சுவரில் பதித்த கல்லில் ஆளுநர் ஜான் ஹார்ன் பெயரும் 1737 என்ற ஆண்டும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அந்த வருடத்தைக் கவனிக்க வேண்டும். மராட்டியர் சால்செட்டுக்குள் புகுந்து தாணேவைப் பிடித்ததும் 1737இல்தான். அந்தப் பயத்தில் எழுந்த கொத்தளம் இது. இரண்டே வருடத்தில் வசாய் கோட்டையும் மராட்டியரிடம் விழுந்தது. 1774இல் கம்பெனியே சால்செட்டைப் பிடித்துக்கொண்டது. கழிக்கு அப்பாலும் ஒரே கொடி என்று ஆனபின் காவல் கோட்டைகளுக்கு வேலையில்லை. 1800களின் தொடக்கத்தில் சயானிலிருந்து குர்லாவுக்கும், 1845இல் மாகிமிலிருந்து பாந்த்ராவுக்கும் கழியை அடைத்துச் சாலை போட்டார்கள்.

அந்தக் கழியில் மீன் பிடித்துப் பிழைத்தவர்கள் தாராவியின் முதல் குடிகளான கோலிகள். பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகத் தாராவியை 1909ஆம் ஆண்டு அரசு கெஜட்டியர் குறிப்பிடுகிறது. சாலைகள் நீரோட்டத்தை மறித்தன. கழி தூர்ந்தது, மீன் குறைந்தது, படகுகள் கரையேறின. கோலிவாடா இன்றும் இருக்கிறது. சிலுவை நட்ட முற்றங்களும் ஓட்டு வீடுகளும் அங்கங்கே கண்ணில் படுகின்றன. கடல்தான் அங்கே இல்லை.

தோல் வந்தது இதற்குப் பிறகு. நகரம் வடக்கே வீங்க வீங்க, நாற்றமடிக்கும் தொழில்களை நிர்வாகம் மேலும் வடக்கே நகர்த்திக்கொண்டே போனது. ஆடுமாடு அறுக்கும் தொட்டி பாந்த்ராவுக்குப் போயிற்று. அங்கே கிடைக்கும் பச்சைத்தோலுக்குப் பக்கத்திலேயே தண்ணீரும், கேட்பாரற்ற சதுப்பும் தாராவியில் இருந்தன. 1887இல் முதல் தோல் பதனிடும் ஆலை இங்கே வந்தது. வேலைக்கு ஆள் வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் சென்னை மாகாணத்தில் இருந்தார்கள். ஆவாரம்பட்டையில் தோலைப் பதனிடும் கைத்திறனும், பச்சைத்தோல் வாங்கி விற்கும் வியாபார வலையும் அங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. வியாபாரத்தில் தமிழ் முஸ்லிம்கள், சுண்ணாம்புக் குழியில் ஆதிதிராவிடர்கள் என்று அந்த வேலைப்பிரிவினையும் அப்படியே வடக்கே ரயில் ஏறியது.

ரயில்தான் இந்தக் குடியேற்றத்தைச் சாத்தியமாக்கியது. பம்பாய்ப் பாதையும் சென்னைப் பாதையும் 1871இல் ராய்ச்சூரில் இணைந்தன. 1876இல் திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. அதே வருடம் தாது வருடப் பஞ்சம் தொடங்கி 1878 வரை தென்னாட்டை வாட்டியது. வயிற்றுக்கு இல்லாமல் கிளம்பியவர்களில் ஒரு பகுதியினர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள். பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போனவர்கள் உண்டு. வேறு சிலர் வடக்கே பார்த்தார்கள். பஞ்சம் பாதிக் காரணம். மீதிப் பாதி ஊரில் இருந்த சாதி. மேலத்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவனுக்குப் பம்பாயில் கூலி கையில் காசாக வந்தது, அதுவும் நிலக்கிழார் வழியாக அல்ல.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் போனவர்களைப் பற்றி ஏராளமான ஏடுகள் இருக்கின்றன. துரைமார்களுக்குக் கணக்கு வேண்டியிருந்தது. கங்காணி கொடுத்த முன்பணம்கூடப் பதிவாகியிருக்கும். பம்பாய்க்குப் போனவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்நாட்டில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போனவர்கள், அவ்வளவுதான். அவர்கள் பெயரை எழுதிவைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போயிற்று. நூறாண்டு கழித்து அவர்களுடைய பேரன் பேத்திகள் காகிதம் காகிதமாகச் சான்று தேடி அலைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அவர்கள் கட்டியவை நிற்கின்றன. தாராவியின் முதல் மசூதியான படி மஸ்ஜித், முதல் தோல் ஆலை வந்த அதே 1887ஐச் சேர்ந்தது. தமிழர்களின் கணேசர் கோயில் 1913இல் எழுந்தது. 1924இல் இங்கே முதல் பள்ளிக்கூடம் வந்தபோது அது தமிழ்ப் பள்ளியாக இருந்தது. இந்த மூன்று ஆண்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் வேலைக்கு வந்தவர்கள் ஊர்க்காரர்களாக மாறிய விதம் புலப்படும். முதலில் தொழ ஓர் இடம், பிறகு கும்பிட ஒரு சாமி, அதன் பிறகு பிள்ளைகளுக்கு எழுத்து. தங்கள் வாழ்நாளிலேயே சேற்றைத் தென்னோலையும் குப்பையும் சாம்பலும் போட்டு மேடாக்கி, அதன் மேல் குடிசை கட்டி, அந்தக் குடிசைக்கு வாடகையும் கொடுத்தவர்கள் அவர்கள். இந்த நிலத்தை நிலமாக்கியதே அவர்கள் கைகள்தான். தாராவியை ஆக்கிரமிப்பு என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்க விரும்புவது, ஆக்கிரமிக்க இங்கே என்ன இருந்தது என்பதைத்தான்.

விடிகாலையில் தாராவிக்குள் போகிறவர்கள் இட்லிச் சந்துகளைப் பார்க்காமல் வரக் கூடாது. கதவு திறந்தால் நீராவி முகத்தில் அறைகிறது. ஆளுயர அலுமினிய அடுக்குக்குள் தட்டுத் தட்டாக இட்லி வேகிறது. பக்கத்தில் ஒருவர் குந்தியிருந்து தேங்காய்ச் சட்னியை வாளியில் கலக்குகிறார். வேகவேகத் துணியோடு கவிழ்த்து, தண்ணீர் தெளித்து உரித்து, பெரிய பாத்திரங்களில் அடுக்கி மூடுகிறார்கள். ஏழு மணிக்குள் சைக்கிள் கேரியரில் அவை நகரமெங்கும் போய்விடும். மும்பை ரயில் நிலைய வாசல்களில் ‘பாம் பாம்’ என்று ரப்பர் ஹாரனை அடித்துக்கொண்டு நிற்கும் இட்லிக்காரர்களில் பெரும்பாலோர் இந்தச் சந்துகளைச் சேர்ந்தவர்கள். பொங்கலன்று நைன்டி ஃபீட் ரோட்டில் வரிசையாக அடுப்புக் கூட்டிப் பானை வைப்பவர்களும் இந்த வீடுகளின் பெண்கள்தாம்.

தண்டவாளத்துக்கு மேற்கே இப்படி ஓர் ஊர் வரைபடம் இல்லாமல் வளர்ந்த அதே ஆண்டுகளில், தண்டவாளத்துக்குக் கிழக்கே வரைபடத்தோடு இன்னோர் ஊர் எழுந்தது. மாட்டுங்காவை நான் பார்ப்பது அப்படித்தான்.

1896இல் மாண்ட்விப் பகுதியில் பிளேக் வெடித்தது. வீடு வீடாகப் பிணம் விழுந்தது. மக்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். ஆலைகளும் துறைமுகமும் ஸ்தம்பிக்கும் நிலை வந்தபோது, நெரிசலைக் குறைக்க அரசு 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட்டை அமைத்தது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் என்று தீவின் வடபகுதி நிலங்களை அது கையகப்படுத்தியது. வயல்களும் தோப்புகளும் போயின. பள்ளங்களைத் தூர்த்து, அகலமான சாலை வெட்டி, சாக்கடை போட்டு, மனை மனையாகப் பிரித்தது. தாதர் மாட்டுங்காவில் 60,000 பேர், மாட்டுங்கா சயான் பக்கம் அதே அளவு பேர் என்பது திட்டம். மனையில் எவ்வளவு கட்டலாம், எவ்வளவு காலியாக விட வேண்டும் என்பது குத்தகைப் பத்திரத்திலேயே எழுதப்பட்டது. கிங்ஸ் சர்க்கிள் என்று எல்லோரும் அழைக்கும் அந்த வட்டப் பூங்காவைச் சுற்றி இன்றும் அந்த ஒழுங்கு தெரிகிறது. மூன்று மாடிக் கட்டடங்கள், ஒரே சீரான பால்கனிகள், சாலைக்கு மேல் கை கோக்கும் மரங்கள்.

அந்தக் கட்டடங்களுக்குக் குடிவந்தவர்கள் இங்கிலீஷ் படித்த தென்னிந்தியர்கள். தஞ்சாவூர், கும்பகோணம், பாலக்காட்டுப் பிராமணக் குடும்பங்களின் பிள்ளைகள் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு ரயில்வேக்கும் வங்கிக்கும் வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கும் குமாஸ்தாவாக வந்தார்கள். முதலில் மெஸ்ஸில் கூட்டாகத் தங்கினார்கள். கல்யாணமானபின் இரண்டு அறை, சமையல்கட்டு, வீட்டுக்குள்ளேயே குளியலறை கழிப்பறை கொண்ட வாடகை வீட்டுக்கு மாறினார்கள். 1923இல் ஆஸ்திக சமாஜம், 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளி, 1940களில் கஃபே மெட்ராஸும் ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங்கும். 1952இல் சண்முகானந்த சபை உருவாகி 1963இல் அதற்குப் பெரிய அரங்கும் கிடைத்தது. 1990இல் தீப்பிடித்து எரிந்த அரங்கை 1998இல் மீண்டும் திறந்தார்கள். இந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பூக்கடையில் தாழம்பூ அடுக்கியிருக்க, பக்கத்தில் வாழையிலைக் கட்டு, அடுத்த கடையில் வறுத்த காப்பிக்கொட்டை அரைபடும் வாசம் என்று காலை வேளையில் அந்தத் தெருவில் நடப்பது மனதுக்கு இதமானது.

ஆனால் தண்டவாளத்தின் இரு பக்கத்தையும் ஒரே நாளில் நடந்து பார்த்தவர்களால் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. இருவரும் தமிழ் பேசினார்கள். இருவரையும் கொண்டுவந்தது அதே ரயில். இருவருக்கும் வேலை கொடுத்தது அதே காலனிய நகரம். ஒருவருக்குச் சாக்கடையும் மரமும் குத்தகைப் பத்திரமும் கிடைத்தன. மற்றவருக்குச் சுண்ணாம்புக் குழி கிடைத்தது. பிளேக் நெரிசலைக் குறைக்கப் பணத்தைக் கொட்டிய அதே அரசாங்கம், சில பர்லாங் தள்ளியிருந்த தாராவிக்குக் குழாய்த் தண்ணீர்கூட ஒழுங்காகக் கொடுக்கவில்லை. வெள்ளைக்காரன் ஒதுக்கினான் என்று மட்டும் சொல்லி நாம் இதிலிருந்து நழுவிவிட முடியாது. யார் எந்தப் படிப்பைப் படிக்கலாம், யார் எந்த வேலையைச் செய்யலாம் என்பதைக் காவிரிக்கரையும் தாமிரபரணிக்கரையும் முன்பே தீர்மானித்து வைத்திருந்தன. டிரஸ்ட்டின் வரைபடம் அதற்குச் செங்கல்லில் உருவம் கொடுத்தது.

1966இல் சிவசேனை தொடங்கி, லுங்கிக்காரர்களை விரட்டுவோம் என்று கோஷம் எழுந்தபோது அந்தக் கோபம் இந்த இரண்டு பக்கங்களையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. குமாஸ்தா வேலைகளைத் தென்னிந்தியர் பிடித்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. உடுப்பி ஹோட்டல்கள் மீது கல் விழுந்தது. குமாஸ்தா நாற்காலியைப் பார்த்தே இராத தாராவித் தொழிலாளியும் சேர்த்துத்தான் மதராஸி என்று ஏச்சு வாங்கினான்.

நைன்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம். மறுசீரமைப்புத் திட்டத்துக்காகச் சர்வேக்காரர்கள் வந்து வீட்டுக் கதவில் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். பேச்சு அதில்தான் தொடங்கியது. உள்ளே போய் மஞ்சள் துணிப்பை ஒன்றை எடுத்துவந்து, தரையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியலின் நகல், கரண்ட் பில்கள், மகனின் பள்ளிச் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் கீழே பிளாஸ்டிக் உறையில் ஒரு போட்டோ பாஸ். 1976இல் அரசு குடிசைகளைக் கணக்கெடுத்தபோது கொடுத்தது. படத்தில் அவருடைய மாமனார், மாமியார். கையில் பலகை பிடித்து நிற்கிறார்கள். முகங்கள் வெளிறிவிட்டன.

“எங்க மாமனாரு தோல் கம்பெனில இருந்தவரு தம்பி. கீழ் வீடு பெரிய கொழுந்தனாருக்கு, மேல் வீடு எங்களுக்குன்னு அவரே பிரிச்சுக் குடுத்துட்டுப் போனாரு. இப்பம் கீழ் வீட்டுக்குத்தான் இங்கன இடமாம். மேல இருக்கவங்கள வெளிய அனுப்பப் போறதாச் சொல்லுதாங்க. ஒரே சட்டியில சோறு தின்ன குடும்பத்துல கீழன்னும் மேலன்னும் எப்படிய்யா பிரிக்க?”

அவர் சொன்னதுதான் விதி. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்த தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பின் 2011 வரை வந்தவர்களுக்கு வெளியே, பணம் கட்டி. மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் வெளியேதான், வாடகைக்கு அல்லது தவணைக்கு. பத்துக்குப் பதினைந்தடி இடத்தில் குடும்பம் பெருகினால் மேலேதான் கட்ட முடியும். மேல் வீட்டுக்காரர் எல்லோரும் நேற்று வந்தவர் அல்லர். பலர் இங்கேயே பிறந்தவர்கள். மாடியில் வசிப்பதாலேயே அவர்களை வெளியூர்க்காரராகக் கணக்கெடுப்பது அநியாயம். இந்த விதியை மாற்ற வேண்டும்.

வெளியே என்றால் எங்கே? முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் உப்பள நிலங்களையும், தேவ்னார் குப்பைக் கிடங்கில் 124 ஏக்கரையும் இதற்காக ஒதுக்க மகாராஷ்டிர அரசு 2024இல் முடிவெடுத்தது. தேவ்னார் என்றதும் எனக்கு அதை ஒட்டிய செம்பூர் நினைவு வந்தது. ஹார்பர் லைனில் ஏறினேன்.

செம்பூர் பாதை 1906இல் போடப்பட்டு, 1924இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. அதுவரை கிராமமாக இருந்த இடம். சுதந்திரத்துக்குப் பிறகு பிரிவினை அகதிகள் முகாம் வந்தது. 1954இல் டிராம்பேயில் அணுசக்தி நிறுவனம், அதைத் தொடர்ந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், உரத் தொழிற்சாலை. மாட்டுங்காவில் இடம் போதாத தமிழ்க் குடும்பங்கள் இங்கே நகர்ந்தன. சேடா நகரில் படியேறிப் போய்க் கும்பிடும் முருகன் கோயில் 1980இல் குடமுழுக்குக் கண்டது. இந்தச் செம்பூரைப் பலருக்கும் தெரியும்.

செம்பூரிலிருந்து டிராம்பே போகும் பஸ்ஸில் ஏறினால் சீட்டா கேம்ப் வரும். அதன் கதையும் தமிழரின் கதைதான், அதிகம் சொல்லப்படாத கதை. மான்குர்டில் ஜனதா காலனி என்று ஒரு குடியிருப்பு இருந்தது. நகரின் பல இடங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைகளை அரசே கொண்டுவந்து இறக்கிய இடம். கோலார் தங்கவயலிலிருந்து 1960களில் வந்த ஜோக்கின் அற்புதம் என்ற தமிழ் இளைஞர் அங்கே ஒரு தச்சர். குப்பை அள்ள நகராட்சி வராதபோது, தெருப் பிள்ளைகளைத் திரட்டி ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பை கட்டவைத்து, நகராட்சி அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போடச் செய்தார். குப்பை வண்டி வந்தது. அணுசக்தி ஊழியர் குடியிருப்புக்காகக் காலனி நிலம் வேண்டும் என்று நோட்டீஸ் வந்தபோது, நீதிமன்றம், டெல்லி, தர்ணா என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மே மாதம், போலீஸ் சூழ்ந்து நிற்க 70,000 பேரைக் கொண்ட அந்தக் காலனி இடிக்கப்பட்டது. மக்களைச் சில கிலோமீட்டர் தள்ளி, கழியோரச் சேற்றில் விட்டார்கள். அதுதான் சீட்டா கேம்ப். அற்புதம் தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பைத் தொடங்கி, 2000இல் மகசேசே விருது பெற்று, 2018இல் மறைந்தார்.

தாராவியின் தோலுக்கு ஆதாரமான அறுப்புத் தொட்டி 1971இல் பாந்த்ராவிலிருந்து தேவ்னாருக்குப் போனது. பின்னால் தோல் ஆலைகளையும் தாராவியை விட்டு வெளியேற்றினார்கள். இப்போது அந்த ஆலைகளில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் தேவ்னார் என்கிறார்கள். 1737இன் எல்லைக்கோடு கிழக்கே நகர்ந்திருக்கிறது. எல்லைக்கு அனுப்பப்படுகிறவர்கள் மாறவில்லை.

சீட்டா கேம்ப்பில் டீக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், ஜனதா காலனி இடிபட்டபோது பதினைந்து வயதுப் பையன். லாரியில் அம்மியையும் கோழிக்கூண்டையும் ஏற்றியதும், இறக்கிய இடத்தில் முழங்கால்வரை சேறு இருந்ததும் அவருக்கு ஞாபகம். அவருடைய தங்கை தாராவியில் மேல் வீட்டில் இருக்கிறார். தேவ்னாருக்கு வந்தால் அண்ணனுக்குப் பக்கம்தானே என்று கேட்டேன்.

“பக்கம்தான் சார். ஆனா அவ வீட்டுக்காரருக்கு பேக் தைக்கிற வேலை தாராவில. காலைல எட்டுக்கு மெஷின்ல உக்காரணும். இங்கேர்ந்து பஸ்ஸு, ரயிலு, மறுபடி பஸ்ஸு. போக வர நாலு மணி நேரம், அறுபது எழுபது ரூவா. பீஸுக்குக் கூலி வாங்குற மனுசன் அதுல எத்தன பை தைப்பாரு, நீங்களே கணக்குப் போடுங்க. எங்கள இங்க கொண்டாந்து விட்டப்போ எங்க அப்பாவுக்கும் இதே கதைதான். ஒரு வருசத்துல வேலய விட்டுட்டாரு.”